கலங்கிய கசிவு

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலை. பொழுது சாய இன்னும் ஒரு நாழிகை இருந்தது. மருதங்குளத்துக் கரையின் வெளிச்சரிவில் தும்பை என்னும் முயல் அசையாமல் நின்றது.

அதன் கண்ணெதிரே, கரையின் அடியிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் எந்த மண்கரையும் சிறிது கசியும். கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை அச்சமில்லை. காலையில் இந்த நீரும் தெளிவாகத்தான் இருந்தது. இப்போது அது செம்மண் கலந்து கலங்கி வந்தது. கலங்கி வந்தால், கரையின் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். அந்தக் குளத்தை நம்பி வாழ்ந்த எல்லா உயிர்களுக்கும் இது தெரியும்.

தும்பை திரும்பிக் கீழே பார்த்தது. சரிவுக்கு அடியிலிருந்த பள்ளத்தில், உயர்ந்த புல்லுக்கு நடுவே, அதன் இரண்டு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று தலை வைத்து உறங்கின. அவற்றுக்கு இன்னும் ஓடத் தெரியாது.

மருதங்குளத்தின் கரையை மூன்று விலங்குகள் பங்கிட்டுக் காத்து வந்தன. தெற்குப் பங்கு தும்பையுடையது. அங்கே புல் வேர்விட்டு மண்ணைப் பிடித்திருக்குமாறு அது பார்த்துக்கொள்ள வேண்டும். நடுப்பங்கு ஈட்டியன் என்னும் முள்ளம்பன்றியுடையது. அங்கே மண் சரிந்தால் அது அள்ளிப்போட்டு மிதிக்க வேண்டும். வடக்குப் பங்கு கயலன் என்னும் நீர்நாயுடையது. குளம் நிறைந்தால் மிகுந்த நீர் வெளியேறும் கலிங்கு அங்கே இருந்தது. அதில் குப்பை சேராமல் காப்பது கயலனின் வேலை.

அவற்றிடம் ஒரு வழக்கம் உண்டு. தன் பங்கு நன்றாக இருக்கிறது என்று யாரும் தாமே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஈட்டியனின் பங்கைத் தும்பை பார்க்க வேண்டும். கயலனின் பங்கை ஈட்டியன் பார்க்க வேண்டும். தும்பையின் பங்கைக் கயலன் பார்க்க வேண்டும். பொழுது சாயும்போது ஒவ்வொன்றும் தான் கண்டதை உரக்கக் கூவ வேண்டும். குறையில்லை என்றால், "பார்த்தேன், உறுதி!" குறை இருந்தால், "பார்த்தேன், பழுது!" பழுது என்ற கூவலைக் கேட்டதும், வாயில் வைத்த உணவைக்கூடக் கீழே போட்டுவிட்டு எல்லாம் ஓடி வந்து இருட்டுவதற்குள் செப்பனிட வேண்டும்.

நல்ல வழக்கம்தான். ஆனால் முந்திய ஆண்டுவரை கரை காத்தவை நான்கு விலங்குகள். நான்காவது, செம்பன் என்னும் கீரி. அது பழுதைக் கண்டால் பழுது என்றே கூவியது. மழையானாலும் கூவியது, மற்றவை உண்ணும் வேளையானாலும் கூவியது.

"இதோ வருகிறார் கரைக்கு அதிகாரி!" என்று கயலன் கேலி செய்தது.

"என் தும்மலிலும் ஒரு பழுது கண்டுபிடி, செம்பா!" என்று ஈட்டியன் சிரித்தது.

தும்பை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செம்பன் வந்தால் எழுந்து வேறிடம் போயிற்று. கோடையில் ஒரு நாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், செம்பன் எதிரேயிருந்த பாறைக்குன்றுக்குக் குடிபோய்விட்டது. அதன் பங்கை மற்றவை தமக்குள் பிரித்துக்கொண்டன.

அன்றுமுதல் மருதங்குளத்தில் பழுது என்ற சொல்லே கேட்கவில்லை. முதலில் பார்த்துவிட்டு உறுதி என்றன. பிறகு பாராமல் உறுதி என்றன. இப்போது படுத்த இடத்திலிருந்தே உறுதி என்றன. அன்று மாலை தும்பை நடுப்பங்குக்கு வந்ததுகூடக் கரையைப் பார்ப்பதற்காக அல்ல. தன் பங்கிலிருந்த புல்லை அது வேரோடு தின்று தீர்த்திருந்தது. மேய வேறு புல் தேடி வந்த இடத்தில்தான் கலங்கிய கசிவைக் கண்டது.

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதும் தும்பைக்குத் தெரியும். சற்று மேலே, ஓர் ஆவாரம் புதருக்குப் பின்னால், கரையைக் குடைந்து ஈட்டியன் ஒரு வளை தோண்டியிருந்தது. மழைக்காலத்துக்கென்று கிழங்கு சேர்த்துவைக்கும் வளை. கரை காக்க வேண்டியவரே கரையைக் குடையலாமா என்று தும்பை புரட்டாசியிலேயே நினைத்தது. ஆனால் அந்த வளையிலிருந்து எடுத்துக் கொடுத்த கிழங்கை அதுவும் தின்றிருந்தது.

இன்று கேட்டுவிட வேண்டும் என்று தும்பை மேலே ஏறிற்று.

ஈட்டியன் வளை வாயிலில் உட்கார்ந்து முள்ளை உதறிக்கொண்டிருந்தது. முயலைக் கண்டதும் அதன் முகம் மலர்ந்தது.

"வா, தங்கச்சி! குட்டிகள் உறங்கிவிட்டனவா? நீ மேயப் போனபோது நரி ஒன்று புல்லை விலக்கி எட்டிப் பார்த்தது. முள்ளை ஒரே சிலிர்ப்பு சிலிர்த்தேன்! முன்கால் எது, பின்கால் எது என்று தெரியாமல் உருண்டு ஓடிற்று!"

"நீங்கள் இல்லாவிட்டால் என் குட்டிகள் என்ன ஆகியிருக்கும், அண்ணா!" என்றது தும்பை. அது உண்மை. ஒவ்வொரு நாளும் தாய் மேயப் போகும்போது குட்டிகளுக்குக் காவல் நின்றது ஈட்டியன்தான். அதனாலேயே வளையைப் பற்றி நேரே கேட்கத் தும்பைக்கு மனம் வரவில்லை.

"அண்ணா… கரை கொஞ்சம் ஈரமாக இருக்கிறதே."

"மழையில் கரை ஈரமாக இல்லாமல் கருவாடாகவா இருக்கும்?"

"இல்லை… உள்ளே இருக்கிற கிழங்கெல்லாம் நனைந்துவிடுமோ என்று…"

"ஓ, கிழங்கா!" ஈட்டியன் வாய்விட்டுச் சிரித்தது. "வேண்டுமானால் கேட்க வேண்டியதுதானே! உன் அண்ணனிடம் இதற்கெல்லாம் சுற்றி வளைத்துப் பேசுவாயா?" உள்ளே போய் ஒரு பெரிய வள்ளிக்கிழங்கை உருட்டி வந்து முயலின் முன் வைத்தது. "பால் கொடுக்கிறவள். நன்றாகச் சாப்பிடு!"

தும்பை கிழங்கை வாயில் கவ்விக்கொண்டு கீழே இறங்கிற்று.

அங்கிருந்து அது வடக்குக் கோடிக்கு ஓடிற்று. கலிங்கின் குறுக்கே சுள்ளிகளை அடுக்கி, அதன்மேல் கயலன் உட்கார்ந்திருந்தது. கலிங்கு வழியாக வெளியேற வேண்டிய நீர் சுள்ளிகளில் முட்டித் தேங்கி நின்றது. நீரோடு வந்த மீன்கள் சுள்ளிகளில் சிக்கித் துள்ளின. கயலன் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது.

தும்பை கிழங்கைக் கீழே வைத்தது. "கயலா! ஈட்டியன் அண்ணன் பங்கில் கசிவு கலங்கி வருகிறது!"

"தெரியும், அக்கா. காலையிலேயே நீரில் ஒரு சுழி கண்டேன்." கயலன் ஒரு கெளுத்தியைக் கடித்தது. "அவர் வளை எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று நினைக்கிறாய்? ஒரு யானையைப் படுக்க வைக்கலாம்! கரையைத் தின்று வயிறு வளர்க்கிறார். எனக்கு நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது!"

"எனக்கும்தான். அவரிடம் நீ சொல்லேன்!"

கயலன் மெல்லுவதை நிறுத்தியது. "நானா? அவர் பங்கைப் பார்ப்பது உன் முறை."

"நீ சொன்னால் கேட்பார்."

"கேட்பார். கேட்டுவிட்டு இங்கே நடந்து வருவார். இந்தச் சுள்ளிகளைப் பார்ப்பார். என் கலிங்கைப் பற்றி அவர் இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை, அக்கா. நான் எதற்கு அவர் வாயைத் திறக்க வேண்டும்? அவர் என் சுள்ளியைப் பேசினால், நான் உன் புல்லைப் பேச வேண்டிவரும்."

தும்பையின் காதுகள் தாழ்ந்தன. "என் புல்லுக்கு என்ன?"

"ஒன்றுமில்லை! அதைத்தானே சொல்கிறேன். உன் பங்கு மொட்டையாகக் கிடக்கிறது. நானோ நாள் தவறாமல் உறுதி என்று கூவுகிறேன். நாம் எவ்வளவு அன்பாக இருக்கிறோம், பார்!" கயலன் கண்ணைச் சிமிட்டிற்று. "செம்பனைப் போல நீயும் பாறைமேல் தனியாக உட்கார்ந்து ஓணானோடு பேச ஆசையா?"

இதற்குள் மேகம் மறுபடியும் இறங்கிவிட்டது. பெரிய துளிகள் நீரில் விழுந்து தெறித்தன. குளத்தின் நீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரையோரக் கல் ஒன்றை மூடிற்று.

தும்பை பள்ளத்துக்கு ஓடிக் குட்டிகளை மோந்து பார்த்தது. இவற்றைப் பாறைக்குன்றுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன? ஆனால் ஈட்டியன் மேலே நின்று பார்க்குமே! எங்கே போகிறாய், தங்கச்சி, என் கரைமேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்குமே! அதற்கு என்ன விடை சொல்வது?

குட்டிகளை அங்கேயே விட்டுவிட்டுத் தும்பை கரைமேல் ஏறிற்று.

பொழுது சாய்ந்தது. கூவும் வேளை வந்தது.

"பார்த்தேன், உறுதி!" என்று வடக்கிலிருந்து கயலன் கூவிற்று. தும்பையின் பங்கை அது அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பார்த்தேன், உறுதி!" என்று ஈட்டியன் கூவிற்று. கலிங்கின் பக்கம் அது முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

இனித் தும்பையின் முறை. மழை அதன் முதுகில் அறைந்தது. ஈட்டியன் சில அடி தொலைவில் நின்று அன்போடு தலையசைத்தது. கீழே கசிவின் ஓசை கேட்டது. காலையில் அதற்கு ஓசை இல்லை.

"பார்த்தேன்…" என்றது தும்பை.

ஈட்டியன் காத்திருந்தது. கயலனும் சுள்ளிமேல் எழுந்து நின்று பார்த்தது. மூன்றில் ஒவ்வொன்றுக்கும் அடுத்ததன் பழுது தெரியும். மூன்றும் மற்றதன் முகத்தையே பார்த்தன.

"…உறுதி!"

"நல்லது, தங்கச்சி! போய்ப் படு. மழை வலுக்கிறது" என்று சொல்லிவிட்டு ஈட்டியன் வளைக்குள் நுழைந்தது.

தும்பை சரிவில் இறங்கியது. பாதி வழியில் அதன் கால் புதைந்தது. திட்டுத் திட்டாக மண் பெயர்ந்து உருண்டது. கசிவு இப்போது ஓர் ஓடையாகப் பாய்ந்தது!

"பழுது!" என்று தும்பை அலறிற்று. "பார்த்தேன், பழுது! அண்ணா! கயலா! பழுது!"

வடக்கிலிருந்து சிரிப்பொலி வந்தது. "இப்போதுதானே உறுதி என்றாய், அக்கா! மழையில் விளையாட்டா?"

வளைக்குள்ளிருந்து ஈட்டியனின் குரல் கேட்டது. "நன்றாக இருக்கிறது வேடிக்கை! குட்டிகள் விழித்துக்கொள்ளப் போகின்றன. பேசாமல் படு!"

"உண்மையாகவே பழுது, அண்ணா!"

"அப்படியென்றால் சற்றுமுன் சொன்னது என்னவாம்?"

அதற்கு விடை சொல்லத் தும்பை நிற்கவில்லை. பள்ளத்துக்குப் பாய்ந்தது. ஒரு குட்டியை மட்டுமே அதன் வாயால் கவ்வ முடியும். அருகிலிருந்ததைக் கவ்விக்கொண்டு பாறைக்குன்றை நோக்கி ஓடிற்று.

அப்போதுதான் ஈட்டியனின் வளையில் பின்சுவர் இடிந்தது. நீர் ஈட்டியனை வளை வழியாக வெளியே தள்ளிற்று. கிழங்குகளோடு கிழங்காக உருண்டு எழுந்த முள்ளம்பன்றி தொண்டை கிழியக் கத்திற்று. "கயலா! சுள்ளியைப் பிடுங்கு! கலிங்கைத் திற! நீரை வடிய விடு!"

கயலன் நீரில் குதித்தது. சுள்ளிகளை இழுத்தது, கடித்தது, உதைத்தது. ஒன்றும் அசையவில்லை. மீன் தப்பக் கூடாதென்று அது அவ்வளவு இறுக்கமாகப் பின்னியிருந்தது. கலிங்கு திறக்கவில்லை. வெளியேற வழியில்லாத நீரெல்லாம் வளையைத் தேடி வந்தது. வேர் இல்லாத தெற்குச் சரிவு, பக்கத்து மண் போனதும், தானும் சேர்ந்து சரிந்தது. ஈட்டியன் தன் உடலையே உடைப்பில் வைத்து அடைத்துப் பார்த்தது. நீர் அதைப் புரட்டி எறிந்தது.

தும்பை குன்றின் அடிவாரத்தை எட்டியபோது, மேலேயிருந்து ஒன்று பாறைக்குப் பாறை தாவி வந்தது. அது செம்பன்.

"பழுது என்று கேட்டது. வந்தேன்" என்றது கீரி, மூச்சிரைக்க. "இதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்ததைக் கொண்டு வா!"

தும்பை குட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிற்று.

பள்ளம் இருந்த இடத்தில் செந்நீர் ஓடிற்று. உயர்ந்த புல்லின் நுனிகள் ஒரு கணம் மேலே ஆடின. பிறகு அவையும் மறைந்தன.

மறுநாள் விடிந்தபோது மருதங்குளத்தில் நீர் இல்லை. சேற்றில் மீன்கள் கிடந்தன. கொக்குகள் வந்து பொறுக்கின. உடைப்பின் ஓரத்தில் நான்கு விலங்குகளும் நின்றன. ஈட்டியனின் முதுகில் பாதி முள் முறிந்து போயிருந்தது. தும்பை, இருந்த ஒரு குட்டியைக் காலுக்குள் அணைத்துக்கொண்டிருந்தது.

ஈட்டியன்தான் முதலில் கேட்டது. "நேற்று என் வாசல்வரை வந்தாயே, தங்கச்சி. அப்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தால் நான் கோபித்திருப்பேன். உண்மைதான். அந்த மாலை முழுவதும் உன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். விடிந்தால் ஆறியிருக்குமே! ஏன் சொல்லவில்லை?"

"என் குட்டிகளைக் காத்தவர் நீங்கள். உங்களிடம் எப்படிச் சொல்வேன், அண்ணா?"



"நான் சொன்னேனே!" என்றது கயலன் அவசரமாக. "அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேனே! கரையைத் தின்கிறார் என்றுகூடச் சொன்னேன்!"

"அவளிடம் சொன்னாய்" என்றது செம்பன். "வளை யாருடையது?"

கயலன், யாரும் கேட்காமலே, நீரற்ற கலிங்குக்குப் போய் எஞ்சிய சுள்ளிகளைப் பிடுங்கத் தொடங்கிற்று.

பொய்யான கூவலுக்கு மூன்று விலங்குகளில் தும்பைதான் முதலில் விலை கொடுத்தது. கூவலின் எதிரொலி அடங்குமுன், அந்த மாலையிலேயே கொடுத்தது. கயலன் கார்த்திகையிலும் மார்கழியிலும் கொடுத்தது. உண்ண மீனில்லாமல் நாள்தோறும் மலைக்கு அப்பாலிருந்த காட்டாற்றுக்கு நடந்தது. திரும்பி வந்து, வெறும் வயிற்றோடு பல நாள், உடைப்புக்கு மண் சுமந்தது. ஈட்டியன் தை முடியும்வரை கொடுத்தது. சேர்த்த கிழங்கு ஒன்றும் மிஞ்சாமல், முள் முறிந்த முதுகில் பனி தாக்க, கரையை அடி அடியாக மிதித்து உயர்த்திற்று. அதன் புது வளை பாறைக்குன்றின் அடியில் இருந்தது. அந்த ஆண்டு குளம் நிறையவில்லை. சித்திரையில் நீர் குடிக்க வந்த மான்கள் சேற்றை மோந்துவிட்டுத் திரும்பிப் போயின. ஒரு தவறும் செய்யாத அவையும் கொடுத்தன.

அதற்கு முன்பே, மாசி மாதத்தில், மூன்று விலங்குகளும் குன்றுக்கு ஏறிச் செம்பனிடம் மன்னிப்புக் கேட்டன. செம்பன் எளிதில் இறங்கி வரவில்லை. ஒவ்வொன்றும் தான் என்ன சொல்லிக் கேலி செய்தது என்பதைத் தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் வந்தது. "நான் எதுவுமே சொல்லவில்லை. எழுந்து போனேன்" என்றது தும்பை. "அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது" என்றது செம்பன்.

இனித் தும்பையின் பங்கைச் செம்பன் பார்க்கும் என்று ஏற்பாடாயிற்று. முதல் மாலையே அது கரைமேல் நின்று, "பார்த்தேன், பழுது!" என்று கூவிற்று. தும்பை நட்டிருந்த புல்லில் ஓரிடம் காய்ந்துபோயிருந்தது. உண்டுகொண்டிருந்த கயலன் உணவைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. ஈட்டியன் நொண்டிக்கொண்டே வந்தது. இருட்டுவதற்குள் எல்லாம் சேர்ந்து புதுப்புல் நட்டன.

தும்பைக்குக் கோபம் வந்தது. அந்த மாலை முழுவதும் அது செம்பனோடு பேசவில்லை. விடிந்தபோது கோபம் ஆறியிருந்தது, கரையும் இருந்தது, புல்லுக்குள் குட்டியும் இருந்தது.

கூட்டாளியின் பிழையைக் கண்டும் அவர் முகம் வாடுமே என்று நேரில் சொல்லாமல் இருப்பது அன்பு ஆகாது. அது அந்தப் பிழையில் நாமும் பங்கு எடுத்துக்கொள்வதே ஆகும்.